லைக் போடுகிறவர்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்தும் இளைஞர் குழுவின் பக்கத்தை ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். பதிவு போட்டால் லைக்கும் கமெண்டும் குவிகின்றன. நேரில் கூட்டம் என்றால் மட்டும் இருபது பேர் சேர்வதே பெரும்பாடாக இருக்கிறது. ‘சமூக வலைதளங்கள் இளைஞர்களை அரசியலுக்குள் கொண்டுவருகின்றனவா, இல்லை ஏதோ செய்துவிட்ட திருப்தியைக் கொடுத்து வீட்டிலேயே உட்கார வைக்கின்றனவா?’ என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மொத்தத்தில் விளைவு எந்தப் பக்கம் என்பது ஒன்று. திரையில் தெரியும் ஆர்வம் ஏன் ஆளாக வந்து நிற்பதில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆய்வுகளிடம் ஓரளவு பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் உங்களை அரிக்கிறது என்று தோன்றுகிறது, அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். அரசியல் தொடர்பியல் கற்பிப்பதும், தேர்தல் நேரத்தில் தன்னார்வக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

‘வீட்டிலேயே உட்கார வைக்கிறது’ என்ற பயத்தை முதலில் பார்ப்போம். கீபோர்டு போராளி என்று கேலி செய்யத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனால் அந்தக் கேலிக்கு ஆதாரம் குறைவு. கனடாவைச் சேர்ந்த ஷெல்லி பூலியான் என்ற ஆய்வாளர் 2015-ல் இந்தத் தலைப்பில் வந்த 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். சமூக ஊடகப் பயன்பாடும் அரசியல் பங்கேற்பும் சேர்ந்தே ஏறுவதாகத்தான் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட கணக்கீடுகள் காட்டின. ஆனால் அவற்றில் பாதியளவே புள்ளியியல்படி உறுதியானவை. 2020-ல் அவரும் யானிஸ் தியோகாரிஸும் இளைஞர்களைப் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட கருத்துக்கணிப்பு ஆய்வுகளைத் தொகுத்தபோதும், இணையத்தில் அரசியல் பேசுகிறவர்களே வெளியிலும் அரசியல் செய்கிறார்கள் என்ற போக்குதான் தெரிந்தது. திரை தெருவை விழுங்கிவிட்டது என்று சொல்ல இந்தத் தரவுகளில் இடமில்லை.

இதை வைத்து ‘வலைதளம்தான் அவர்களை அரசியலுக்குக் கொண்டுவந்தது’ என்று சொல்லிவிடவும் முடியாது. ஏற்கனவே அரசியல் பைத்தியமாக இருப்பவர் வலைதளத்திலும் அதையே செய்வார், தெருவிலும் அதையே செய்வார். இரண்டும் சேர்ந்து ஏறுவதற்கு அதுவே போதும். போதாக்குறைக்கு இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, ‘நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா, போராட்டத்துக்குப் போனீர்களா’ என்று கேட்டு வாங்கிய பதில்கள். ஓட்டுப் போடாதவர்களில் பலர் போட்டதாகச் சொல்வது தேர்தல் ஆய்வில் பழைய தலைவலி. ஆகவே, கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் நிற்காது என்று தைரியமாகச் சொல்லலாம். எவ்வளவு தூக்கிவிடுகிறது என்று கேட்டால்தான் தயங்க வேண்டியிருக்கிறது.

அந்த ‘எவ்வளவு’க்குக் கிடைத்த மிக நேரான விடை 2010 நவம்பர் 2-ம் தேதி, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. அன்று ஃபேஸ்புக்கைத் திறந்த, 18 வயது நிரம்பிய சுமார் 6.1 கோடிப் பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மிகப் பெரிய குழு சுமார் 6 கோடிப் பேர். அவர்களுடைய பக்கத்தின் மேலே ஒரு பெட்டி வந்தது. இன்று தேர்தல் நாள் என்ற அறிவிப்பு, வாக்குச்சாவடி எங்கே என்று பார்க்க ஒரு இணைப்பு, ‘நான் வாக்களித்தேன்’ என்று ஒரு பொத்தான், இதுவரை எத்தனை பேர் அதை அழுத்தியிருக்கிறார்கள் என்ற எண். அவற்றோடு, அழுத்தியவர்களில் அவருடைய நண்பர்களாக இருப்பவர்களின் சின்னப் படங்கள், அதிகபட்சம் ஆறு. இன்னொரு ஆறு லட்சத்துச் சொச்சம் பேருக்கு அதே பெட்டி, ஆனால் நண்பர்களின் முகங்கள் இல்லை. அதே அளவுள்ள மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே காட்டவில்லை. பிறகு பல லட்சம் பேரின் பெயர்களை அரசின் வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, உண்மையில் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று பார்த்தார்கள். ‘போட்டேன்’ என்று அவரவர் சொல்வதை நம்பவில்லை. இந்தச் சோதனையின் பலமே அதுதான்.

ஜேம்ஸ் ஃபௌலரும் குழுவினரும் 2012-ல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். முகங்களோடு பெட்டியைப் பார்த்தவர்கள், எதையும் பார்க்காதவர்களைவிட 0.39 சதவீதப் புள்ளி கூடுதலாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். முகமில்லாத வெறும் பெட்டியைப் பார்த்தவர்களுக்கும் எதையும் பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதே அறிவிப்பு, அதே இணைப்பு, அதே பொத்தான் இருந்தும் ஒரு பயனும் இல்லை. தெரிந்த முகம் சேர்ந்தபோதுதான் ஏதோ அசைந்தது. நேரடியாகச் சுமார் 60,000 ஓட்டுகள், பெட்டியைப் பார்த்தவர்களின் நண்பர்கள் வழியாக இன்னொரு 2,80,000 ஓட்டுகள் கூடின என்பது அவர்களுடைய மதிப்பீடு. அந்த இரண்டாவது எண்ணிக்கை வந்தது நெருங்கிப் பழகும் நண்பர்கள் வழியாகத்தான். பட்டியலில் பெயருக்கு இருக்கும் தூரத்து நண்பர்கள் வழியாக எதுவும் பரவவில்லை. இந்தச் சோதனை எல்லா வயதினரையும் சேர்த்து நடந்தது என்பதால், இளைஞர்களுக்கு என்று தனியாக ஒரு எண்ணை இதிலிருந்து எடுக்க வேண்டாம்.

0.39 சிறியதா பெரியதா? கோடிக்கணக்கானோரிடம் ஒரே நாளில், ஏறக்குறையச் செலவே இல்லாமல் கிடைத்தது என்று பார்த்தால் பெரிது. ஒரு மனிதரை எவ்வளவு அசைக்கிறது என்று பார்த்தால் ரொம்பச் சிறிது. ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலின்போது ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் மூவரும் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் யார், பக்கத்து வீடுகளில் யார் போன தேர்தல்களில் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை என்ற விவரம் அதில் பெயரோடு இருந்தது. தேர்தல் முடிந்ததும் புதுப்பித்த பட்டியலை அனுப்புவோம் என்றும் எழுதியிருந்தார்கள். கடிதம் போகாத வீடுகளில் 29.7 சதவீதம், போன வீடுகளில் 37.8 சதவீதம் வாக்குப்பதிவு. எட்டுப் புள்ளிகள் ஏற்றம், அதுவும் காகிதத்தில். (தயவுசெய்து இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் விவரத்தைக் காட்டி மிரட்டுவது போன்றது அது, வாங்கியவர்கள் கோபப்படுவார்கள்.) இரண்டும் வெவ்வேறு வகைத் தேர்தல்கள், ஆகவே எண்ணை எண்ணோடு மோதவிடக் கூடாது. ஆனாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. என்னைத் தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள், என்னை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வுதான் வேலை செய்கிறது. அதை எந்த ஊடகம் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது அதற்கு அடுத்த விஷயம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்தே வந்துவிடலாம். சிட்னி வெர்பா, கே ஷ்லோஸ்மன், ஹென்றி பிரேடி மூவரும் 1990-களில் மக்கள் ஏன் அரசியலில் ஈடுபடுவதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்கள். அவர்களால் முடியவில்லை, அவர்களுக்கு விருப்பமில்லை, அல்லது அவர்களை யாரும் கூப்பிடவில்லை. சமூக வலைதளம் இந்த மூன்றாவது காரணத்தைத்தான் தொட்டிருக்கிறது என்பது என் கருத்து. கூப்பிடுவதை மலிவாக்கிவிட்டது. பகுதி நேர வேலை, தேர்வு, ராத்திரி வீடு திரும்பும் கவலை என்று ‘முடியவில்லை’ பட்டியலில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. ‘விருப்பமில்லை’யில் கொஞ்சம் அசைவு உண்டு. தேடிப் போகாமலேயே ஒரு செய்தி கண்ணில் படுகிறது, அதில் சிலருக்கு ஆர்வம் பிறக்கிறது. அந்தச் ‘சிலர்’ எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஏற்கனவே ஆர்வம் உள்ளவருக்கே மேலும் மேலும் அரசியல் போய்ச் சேர்கிறது, மற்றவர் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார் என்ற வாதமும் பலமானதுதான்.

மலிவான அழைப்பு எல்லாமே அழைப்பு ஆகிவிடுவதில்லை. வகுப்பில் நான் வழக்கமாகச் செய்யும் ஒன்று உண்டு. ‘போனை எடுங்கள், கடைசியாக நீங்கள் யாருக்காவது அனுப்பிய அரசியல் பதிவைத் தேடுங்கள், அது உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள்’ என்பேன். தலைவர், கட்சி, பத்திரிகை என்று பதில் வருவது அபூர்வம். அறைத்தோழி அனுப்பினாள், பெரியப்பா பையன் ஸ்டோரியில் போட்டான், பழைய பள்ளிக்கூட குரூப்பில் வந்தது, இப்படித்தான் இருக்கும். அடுத்து, ‘அதைப் பார்த்து எங்காவது போனீர்களா?’ என்று கேட்பேன். போனேன் என்று கை தூக்குபவர்களிடம் விசாரித்தால், அனுப்பியவர் கூடவே ‘நான் போறேன், நீயும் வா’ என்று ஒரு வரி எழுதியிருப்பார். இது ஆய்வு இல்லை, என் வகுப்பறையில் திரும்பத் திரும்பக் காண்பது, அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் ‘அனைவரும் வருக’ என்று போடுகிற சுவரொட்டிப் படம் எல்லோரையும் கூப்பிடுகிறது. வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

லைக்கே திருப்தியாகிவிடுகிறதா என்ற சந்தேகத்துக்கும் ஒரு சுவாரசியமான பதில் உண்டு. கிர்க் கிறிஸ்டோஃபர்சனும் இரு சகாக்களும் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு நோக்கத்துக்காக முதலில் ஒரு சின்ன ஆதரவைக் கேட்டார்கள், பிறகு அதே நோக்கத்துக்காக இன்னும் பெரிய உதவியைக் கேட்டார்கள். முதல் ஆதரவை நாலு பேர் பார்க்கக் காட்டியவர்கள் அடுத்த உதவிக்கு அவ்வளவாக வரவில்லை. யாருக்கும் தெரியாமல் ஆதரவு தந்தவர்கள் அடுத்ததற்கும் வந்தார்கள். ஊர் பார்க்கச் செய்தவருக்கு நல்ல பெயர் அப்போதே கிடைத்துவிட்டது, கணக்கு முடிந்தது. தனியாகச் செய்தவரோ ‘இது எனக்கு முக்கியம் போலிருக்கிறதே’ என்று தன்னைப் பற்றித் தானே முடிவு கட்டிக்கொள்கிறார். ஆகவே லைக் எல்லாமே தடை என்றோ, எல்லாமே முதல் படி என்றோ சொல்வதற்கில்லை. நண்பர்கள் எல்லோரும் பார்க்க முகப்புப் படத்தை மாற்றச் சொல்கிறீர்களா, இல்லை ஒருவரிடம் தனியாக ஒரு கையெழுத்துக் கேட்கிறீர்களா என்பதைப் பொறுத்தது அது. சோதனைகள் தொண்டு நோக்கங்களை வைத்து நடந்தவை. கட்சி அரசியலின் சூட்டில் அதே மாதிரி நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

உங்கள் பக்கத்தில் சத்தமே போடாதவர்களையும் கணக்கில் எடுங்கள். 2013-ல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 1,801 பேரிடம், அப்போது பரபரப்பாக இருந்த அரசின் கண்காணிப்பு விவகாரத்தைப் பற்றி எங்கே பேசத் தயார் என்று கேட்டது. நேரில் பேசத் தயார் என்றவர்கள் 86 சதவீதம். ஃபேஸ்புக், ட்விட்டர் வைத்திருப்பவர்களில் அங்கே எழுதத் தயார் என்றவர்கள் 42 சதவீதம்தான். இளைஞர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகமாக இருக்கக் காரணம் உண்டு. அப்பா, மாமா, பேராசிரியர், நாளைக்கு வேலை கொடுக்கப் போகிறவர் என எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இடம் அது. அதனால் பேச்சு மூடிய குரூப்களுக்கும் தனிச் செய்திகளுக்கும் போய்விடுகிறது. பொதுப்பக்கத்தில் ஒரு கமெண்டும் போடாத ஆள் மூடிய குரூப்பில் கூட்டத்துக்கே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கலாம். லைக் எண்ணிக்கையை வைத்து யார் வருவார்கள் என்று கணிப்பது இதனாலும் பொய்த்துப் போகிறது.

சரி, இலட்சக்கணக்கில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்களே, அது எப்படி என்று கேட்பீர்கள். வந்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். எகிப்தில் 2011 ஜனவரி 25-ல் தொடங்கிய போராட்டத்துக்கு ஃபேஸ்புக் பக்கங்கள் வழியாக அழைப்புப் போனது. மூன்றே நாளில் அரசு நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தது, கூட்டம் கலையவில்லை, பிப்ரவரி 11-ல் அதிபர் முபாரக் பதவி விலகினார். நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4-ல் அரசு 26 தளங்களைத் தடை செய்தது. ஊழல் மேல் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் 8-ம் தேதி வீதிக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள், மறுநாளே பிரதமர் ஒலி விலகினார். அடுத்து யார் என்ற விவாதத்தை டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் நடத்தினார்கள். அங்கே முன்னுக்கு வந்த முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி 12-ம் தேதி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். வேகம் என்றால் இதுதான்.

ஆனால் அந்த வேகமே பிறகு பலவீனமாகிறது என்கிறார் துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் ஸெய்னெப் துஃபெக்சி. அந்தக் காலத்தில் ஒரு பெரிய பேரணி நடத்த மாதக்கணக்கில் ஓட வேண்டும். அந்த ஓட்டத்திலேயே யார் பொறுப்பானவர், சண்டை வந்தால் யார் தீர்ப்பார், எதிராளியோடு யார் உட்கார்ந்து பேசுவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இப்போது நாலு நாளில் பேரணி நடந்துவிடுகிறது, அந்த ஆட்கள் மட்டும் உருவாவதில்லை. எகிப்தில் 2012 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் நின்றவர்கள் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முர்சியும் முபாரக்கின் கடைசிப் பிரதமர் ஷஃபீக்கும். பழைய அமைப்பு ஒன்று, பழைய ஆட்சி ஒன்று. போராட்டம் நடந்த தஹ்ரீர் சதுக்கத்தில் முன்னால் நின்ற இளைஞர்களுக்கு அந்த வாக்குச்சீட்டில் ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சிலி. 2011-ல் அங்கே கல்விக்காக எழுந்த மாணவர் போராட்டமும் வலைதளங்களை நன்றாகவே பயன்படுத்தியது. ஆனால் அடியில் தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கூட்டமைப்புகள் இருந்தன. கமிலா வயேஹோ, கேப்ரியல் போரிச் இருவரும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள். 2013 தேர்தலில் இருவரும் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். 2022-ல் போரிச் தன் 36-வது வயதில் நாட்டின் அதிபரானார். வெறும் இரண்டு நாடுகளை வைத்து விதி எழுத முடியாது. எகிப்தில் ராணுவம் இருந்தது, சிலியில் நிலைத்த தேர்தல் முறை இருந்தது, வித்தியாசங்கள் ஆயிரம். என் மதிப்பீடு ஒன்றுதான்: கூட்டத்தைச் சேர்ப்பதில் வலைதளம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. வந்தவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்து அடுத்த மாதமும் வரவைப்பது வேறு வேலை, அதை அமைப்புதான் செய்ய வேண்டும்.

யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தளமே கணக்கிட்டு முடிவு செய்யும் அல்காரிதம் இளைஞர்களின் அரசியலை மாற்றுகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுடன் சேர்ந்து நடந்த ஆய்வில் சிலருடைய ஃபீடை மூன்று மாதம் அல்காரிதம் இல்லாமல், நேர வரிசைப்படி மாற்றினார்கள். தளத்தில் அவர்கள் செலவிட்ட நேரம் குறைந்தது, அரசியல் கருத்துகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2018 தேர்தலுக்கு முன் ஃபேஸ்புக்கை நான்கு வாரம் முழுக்க நிறுத்தியவர்களிடம் வேறொரு ஆய்வில் கொள்கைக் கருத்துகளில் இருந்த பிளவு கொஞ்சம் குறைந்தது, கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. இரண்டும் ஒரு நாட்டில், பெரியவர்களிடம், குறுகிய காலத்தில் நடந்தவை. பதின்ம வயதிலேயே குறுங்காணொளிகளில் அரசியலைக் கற்று வளரும் ஒருவரிடம் பத்து வருடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. அதை அளக்கத் தேவையான தரவுகளைத் தளங்கள் முன்பைவிட இறுக்கிப் பூட்டிவிட்டன.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் 18 முதல் 29 வயதினரில் ஓட்டுப் போட்டவர்கள், அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்குப்படி 2014-ல் 20 சதவீதம், 2018-ல் 36 சதவீதம். இரண்டு தேர்தல்களின்போதும் அவர்கள் கையில் போன் இருந்தது, வலைதளம் இருந்தது. மாறியது நாட்டின் அரசியல் சூடு. பேச்சில் சூடில்லாத காலத்தில் எந்தப் பதிவும் ஆளைக் கிளப்பாது, அது உங்கள் குழுவின் தவறும் ஆகாது.

உங்கள் குழுவுக்கு என்று கேட்டால் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். அடுத்த கூட்டத்துக்கு வழக்கமான பதிவைப் போடுங்கள். அதோடு, தவறாமல் வருகிற அந்தப் பத்துப் பதினைந்து பேரிடம், ஆளுக்கு இரண்டு பேரைப் பெயர் சொல்லித் தனிச் செய்தியில் கூப்பிடச் சொல்லுங்கள். ‘அவசியம் வரவும்’ வேண்டாம், ‘நான் ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். வந்தவருக்கு அன்றே ஒரு சின்ன வேலை கொடுங்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நாலு பேருக்கு உதவுவது மாதிரி, முடிந்ததா இல்லையா என்று தெரிகிற வேலை. வாசலில் ஒரு நோட்டு வைத்து, யார் சொல்லி வந்தீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். மூன்று கூட்டம் கழித்து அந்த நோட்டைப் புரட்டி, இரண்டாம் முறையும் வந்தவர்கள் முதல் முறை எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். பதிவைப் பார்த்துத் தானாக வந்தவர்கள்தான் அதில் அதிகம் என்றால், நான் மேலே சொன்னதில் பாதி உங்கள் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது பக்கத்துக்குச் செலவிடும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.